கல்யாணமானவர்களுக்கு வருமான வரிச் சலுகை: ராமநாதபுரம் கடலோரத் தம்பதிகளுக்கு முழுமையான வழிகாட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்திய வருமான வரிச் சட்டத்தில் "கல்யாணமானவர்" என்பதற்காக மட்டும் கிடைக்கும் சலுகை எதுவும் இப்போது கிடையாது. லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது "எங்களுக்கு மேரேஜ் அலவன்ஸ் உண்டே" என்று சொல்லியிருப்பார். அவர் சொல்வது உண்மைதான். அங்கே வருமானம் குறைந்தவர் தன் வரியில்லா வரம்பில் 1,260 பவுண்டை கணவருக்கோ மனைவிக்கோ மாற்றிக் கொடுக்கலாம். ஆண்டுக்கு 252 பவுண்டு வரை மிச்சம். நம் நாட்டிலும் ஒரு காலத்தில் இப்படி ஒன்று இருந்தது. 1955-56 பட்ஜெட்டில் நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக், கல்யாணமானவர்களுக்கு 2,000 ரூபாய், ஆகாதவர்களுக்கு 1,000 ரூபாய் என்று வரியில்லா வரம்பைத் தனித்தனியாக வைத்தார். அது எப்போதோ போய்விட்டது. கணவன்–மனைவி விரும்பினால் சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்ய வழி வேண்டும் என்று பட்டயக் கணக்காளர் நிறுவனமான ஐசிஏஐ 2025 பட்ஜெட்டுக்கு முன் பரிந்துரைத்தது. அது இன்னும் பரிந்துரையாகவே இருக்கிறது.

அப்படியானால் தம்பதிகள் சேமிக்க எதுவுமே இல்லையா? இருக்கிறது, அதுவும் நிறையவே. ஆனால் அது "மனைவி பேருக்கு மாத்திட்டா வரி இல்லை" என்ற ஊர்ப்பேச்சில் இல்லை. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதை வரித்துறை இரண்டாவதாகத்தான் பார்க்கும். பணம் யாருடையது என்பதுதான் அதன் முதல் கேள்வி. கீழே வருவதெல்லாம் அந்தக் கேள்விக்குத் தாளில் பதில் வைத்துக்கொள்ளும் வழிதான்.

இங்கே உள்ள தொகைகள் 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கு, அதாவது 2026-இல் தாக்கல் செய்யும் கணக்குக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருகிறது. அதில் பிரிவு எண்கள் மாறும். 2025-26 வருமானத்துக்குப் பழைய 1961 சட்டம்தான் பொருந்தும் என்பதால் எல்லோருக்கும் பழகிய 80சி, 80டி என்ற எண்களையே பயன்படுத்துகிறேன்.

படி 1: இரண்டு பான், இரண்டு வங்கிக் கணக்கு, இரண்டு போன் நம்பர்

வரித்துறைக்குக் கணவனும் மனைவியும் இரண்டு தனி ஆட்கள். ஆகவே மனைவிக்குத் தனி பான், அவர் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு, வருமான வரி இணையதளத்தில் தனி லாகின் மூன்றும் வேண்டும்.

நம் பக்கத்தில் வேலை சிக்குவது இனிஷியலில். பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். பானில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். ஆதாரும் பானும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் இணைக்க முடியாது. இணைக்காத பான் செயலிழந்தால், வங்கி வட்டியில் 10 சதவீதம் பிடிக்க வேண்டிய இடத்தில் 20 சதவீதம் பிடிப்பார்கள். கல்யாணமானதால் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பான் அட்டையிலும் கணவர் பெயருக்கு இடமில்லை. ஆதாரையும் பானையும் ஒரே எழுத்துக்கு, ஒரே பிறந்த தேதிக்குக் கொண்டுவந்தால் போதும்.

இன்னொன்று, மனைவியின் லாகினுக்குக் கணவரின் வெளிநாட்டு நம்பரைக் கொடுத்து வைத்திருப்பார்கள். ஓடிபி துபாய்க்குப் போகும், அவர் டூட்டியில் இருப்பார், இங்கே சேவை மையத்தில் மனைவி காத்துக்கொண்டிருப்பார். அவர் கையில் இருக்கும் நம்பரையே கொடுங்கள்.

லாகின் கிடைத்ததும் இருவருடைய ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையையும் இறக்கிப் பாருங்கள். வங்கி வட்டி, பங்கு விற்பனை, சொத்துப் பதிவு என்று வரித்துறைக்கு ஏற்கெனவே தெரிந்ததெல்லாம் அதில் இருக்கும். கூட்டுக் கணக்கில் உள்ள எஃப்.டி.யின் வட்டி முதல் பெயர்காரரின் பானில்தான் விழும். பணம் போட்டது இரண்டாவது பெயர்காரர் என்றால் அதை இப்போதே குறித்து வையுங்கள்.

படி 2: வீட்டு வருமானத்தை இரண்டு பத்தியாகப் பிரிப்பது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நிதியாண்டு முடிந்து இரண்டு வாரத்தில் அது தொடங்கிவிடுகிறது. படகுக்காரர் குடும்பங்களுக்குக் கணக்குப் பார்க்க இதைவிட வசதியான நேரம் கிடையாது. ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, ஒவ்வொரு வருமானத்தையும் அது யாருடைய முதலிலிருந்து வந்ததோ அவர் பத்தியில் எழுதுங்கள்.

எழுதும்போது வகையைச் சரியாகப் பிடியுங்கள். "கடலில் விளைவதும் விவசாயம்தானே" என்று பலர் நினைக்கிறார்கள். மீன்பிடி வருமானம் விவசாய வருமானம் ஆகாது, தொழில் வருமானம்தான். கடல் நீரைக் காய்ச்சி எடுக்கும் உப்பும் அப்படியே. உள்ளே தள்ளி மனைவியின் தாய்வீட்டு நிலத்தில் முண்டு மிளகாயோ நெல்லோ போட்டிருந்தால் அந்த வருமானத்துக்கு வரி இல்லை, அது அவருடையது. ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் அடிப்படை வரம்பைத் தாண்டினால், வரி விகிதத்தைக் கணக்கிடும்போது சேர்த்துப் பார்ப்பார்கள். ஆகவே விட்டுவிடாமல் எழுதுங்கள்.

மொய் பற்றி ஒரு வார்த்தை. கல்யாணத்தன்று மணமகனுக்கும் மணமகளுக்கும் வரும் அன்பளிப்புக்கு, யார் கொடுத்தாலும், எவ்வளவு கொடுத்தாலும் வரி இல்லை. இந்த விலக்கு தாலி கட்டிக்கொள்ளும், நிக்காஹ் செய்துகொள்ளும் அந்த இருவருக்கு மட்டும்தான். பெற்றோர் கையில் வந்த மொய்க்கும், காதுகுத்து, புதுமனை புகுவிழா, மொய் விருந்து வசூலுக்கும் இது பொருந்தாது. அங்கே சட்டம் குறிப்பிடும் நெருங்கிய உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஆண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் முழுத் தொகையும் வருமானம். மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பது நமக்குத் தெரியும், ஆனால் வரிப் படிவத்தில் மொய்க்கு என்று ஒரு கட்டம் இல்லை. ஆகவே மொய் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் வைத்திருங்கள். ஒரே ஆளிடம் ஒரே நிகழ்ச்சிக்கு 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதும் கூடாது.

சீராக வந்த நகை மனைவியின் சொத்து. சோதனை நடந்தால்கூடக் கல்யாணமான பெண்ணுக்கு 500 கிராம் வரை நகையைக் கைப்பற்ற வேண்டாம் என்று 1994-இலேயே மத்திய நேரடி வரிகள் வாரியம் அறிவுறுத்தியிருக்கிறது. அந்த நகையை அவர் விற்றால் வரும் லாபமும் அவருடையது. கணவர் வாங்கிக் கொடுத்த நகையை விற்றால் லாபம் கணவர் பத்திக்குப் போகும். ஏன் என்பதுதான் அடுத்த படி.

படி 3: சேர்த்துக் கணக்கிடும் விதி

இந்த வழிகாட்டியில் வேறு எதைத் தாண்டிப் போனாலும் இதைத் தாண்டாதீர்கள். சலுகை தரும்போது கணவன் மனைவியைத் தனி ஆட்களாகப் பார்க்கும் சட்டம், வரி கேட்கும்போது மட்டும் ஒரு குடும்பமாகப் பார்க்கிறது. 64-ஆம் பிரிவு அதுதான். ஆடிட்டர்கள் "கிளப்பிங்" என்பார்கள்.

கணவர் மனைவிக்குப் பணம் கொடுக்கத் தடை இல்லை. எவ்வளவு கொடுத்தாலும் மனைவிக்கு வரியும் இல்லை. ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வருமானம் கணவர் கணக்கில்தான் சேரும். மனைவி கணவருக்குக் கொடுத்தாலும் இதே விதிதான்.

பாம்பனில் ஒருவர் விசைப்படகை விற்று 20 லட்சம் ரூபாயை மனைவி பெயரில் 7 சதவீத எஃப்.டி.யில் போடுகிறார் என்று வையுங்கள். ஆண்டு வட்டி 1,40,000 ரூபாய். எஃப்.டி ரசீதில் மனைவி பெயர், ஏஐஎஸ்ஸில் மனைவி பான், ஆனாலும் வருமானம் கணவருடையது. மனைவி அந்த 1,40,000 ரூபாயை எடுத்துத் தனியாக இன்னொரு எஃப்.டி போட்டால், அதில் வரும் 9,800 ரூபாய் மனைவியுடையது. கொடுத்த சொத்தின் வருமானம் மட்டும்தான் திரும்பிப் போகும், அந்த வருமானம் குட்டி போட்டால் அது கொடுத்தவருக்குப் போகாது. அதனால்தான் வட்டி வந்து விழ ஒரு தனிக் கணக்கு வைக்கச் சொல்கிறேன். ஒரே கணக்கில் கலந்துவிட்டால் எது அசல், எது வட்டியின் வட்டி என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

கணவரின் ஐஸ் கம்பெனியிலோ கருவாட்டு வாடியிலோ மனைவிக்குச் சம்பளம் போட்டாலும் இதே கதைதான். தொழிலில் கணவருக்கு 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால் மனைவியின் சம்பளம் கணவர் வருமானத்தில் சேரும். மனைவிக்குத் தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ இருந்து, அந்த அறிவுக்கும் அனுபவத்துக்கும்தான் சம்பளம் என்று காட்ட முடிந்தால் மட்டும் விலக்கு. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. மீனைத் தரம் பிரிப்பது, ஏலத்தில் நின்று விலை பேசுவது, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று மனக்கணக்கு வைப்பது எல்லாம் இந்தக் கரையில் பெண்கள்தான். அந்தத் திறமைக்குச் சான்றிதழ் கொடுக்க எந்தக் கல்லூரி இருக்கிறது?

இதற்கு நேர்வழி, மனைவி தன் முதலில் தன் தொழிலைச் செய்வது. மகளிர் குழுக் கடன், முத்ரா கடன், தாய்வீட்டுப் பணம் எதுவானாலும் அவர் பெயரில் வந்து, அவர் கணக்கு வழியாகத் தொழிலுக்குள் போனால் லாபம் அவருடையது. ஆண்டு விற்பனை 2 கோடிக்குள் இருந்தால் 44ஏடி பிரிவின்படி வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்க விற்பனையில் 8 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் கட்டாயமில்லை. 18 லட்சத்துக்குக் கருவாடு விற்று, பணம் முழுவதும் யுபிஐயிலும் வங்கியிலும் வந்தால் காட்ட வேண்டிய குறைந்தபட்ச லாபம் 1,08,000 ரூபாய். உண்மை லாபம் அதைவிட அதிகம் என்றால் அதைக் காட்டுங்கள். நாளைக்கு வங்கிக் கடனுக்கு உதவும்.

தடைக்காலம் முடிந்து படகை இறக்கும்போது வலைக்கும் டீசலுக்கும் மனைவியின் நகைதான் அடகுக்குப் போகிறது. அடகில் வாங்கிய பணம் வருமானம் அல்ல. அதைக் கணவருக்குச் சும்மா கொடுத்ததாக விடாமல், வங்கி வழியாகக் கடனாகக் கொடுத்து, ஒரு தாளில் தொகையும் வட்டியும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். பிறகு கணவர் திருப்பித் தரும் பணம் மனைவியின் சொந்தப் பணமாகவே நிற்கும், அதை அவர் எதில் போட்டாலும் 64-ஆம் பிரிவு தொடாது. கணவர் கொடுக்கும் வட்டி மனைவிக்கு வருமானம். கணவருக்கு அது தொழில் செலவு, ஆனால் அவர் 44ஏடியில் இருந்தால் அந்தச் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. கணவர் மனைவிக்குக் கடன் கொடுப்பதானாலும் இதே முறைதான். 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட கடனை ரொக்கமாகக் கை மாற்றாதீர்கள்.

18 வயது நிறையாத பிள்ளைகள் பெயரில் போட்ட பணத்தின் வட்டி, தாய் தகப்பனில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். பிள்ளை தன் திறமையால் சம்பாதித்தது மட்டும் சேராது.

படி 4: பழைய முறையா, புதிய முறையா? ஆளுக்கு ஒரு முடிவு

வரி கணக்கிட இரண்டு முறை உண்டு. சேமிப்பு, காப்பீடு, கடன் வட்டி என்று கழிவுகள் தருவது பழைய முறை. அந்தக் கழிவுகள் பெரும்பாலும் இல்லாமல், வரி விகிதம் குறைவாக இருப்பது புதிய முறை. கணவர் எந்த முறையில் இருக்கிறாரோ அதில்தான் மனைவியும் இருக்க வேண்டும் என்று இல்லை. ஒருவர் பழையதில், ஒருவர் புதியதில் இருக்கலாம். தம்பதிகளுக்கு உண்மையான லாபம் இங்கேதான்.

புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 லட்சம் வரை 10, 16 வரை 15, 20 வரை 20, 24 வரை 25, அதற்கு மேல் 30. இந்தியாவில் வசிப்பவரின் வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ தள்ளுபடியில் வரி முழுவதும் கழிந்துவிடும். சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) சேர்ந்து 12,75,000 வரை வரி இல்லை. பங்குச் சந்தை லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது.

ஒரே ஆள் 20 லட்சம் சம்பளம் வாங்கினால் நிலைக்கழிவு போக 19,25,000 ரூபாய்க்கு வரி 1,85,000, செஸ் (வரியின் மேல் விதிக்கும் கூடுதல் தீர்வை) சேர்த்து 1,92,400 ரூபாய். கணவன் மனைவி இருவரும் தலா 10 லட்சம் வாங்கினால் வீட்டுக்கு வருவது அதே 20 லட்சம்தான், வரி பூஜ்யம். கூட்டுத் தாக்கல் வேண்டும் என்று கேட்பவர்களின் வாதம் இதுதான்.

மண்டபத்தில் ஆசிரியையாக இருக்கும் மனைவிக்கு 9,75,000 ரூபாய் சம்பளம், வங்கியில் இருக்கும் கணவருக்கு 15,00,000 என்று எடுத்துக்கொள்வோம். மனைவிக்குப் புதிய முறையில் வரி இல்லை, யோசிக்கவே வேண்டாம். கணவருக்குப் புதிய முறையில் 14,25,000 ரூபாய்க்கு வரி 93,750, செஸ் சேர்த்து 97,500. பழைய முறையில் நிலைக்கழிவு 50,000, 80சி (காப்பீடு, சேமிப்புக்கான கழிவு) 1,50,000, வீட்டுக்கடன் வட்டி 2,00,000, தனக்கும் பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு 75,000, என்பிஎஸ் ஓய்வூதியச் சேமிப்பு 50,000 எல்லாம் கழித்தாலும் மிச்சம் 9,75,000. வரி 1,07,500, செஸ் சேர்த்து 1,11,800. இத்தனை கழிவு இருந்தும் புதிய முறைதான் லாபம். அவருக்குப் பழைய முறை வெல்ல வேண்டுமானால் நிலைக்கழிவைத் தவிர்த்து 5,43,750 ரூபாய்க்கு மேல் கழிவு வேண்டும். "வரிக்காக ஒரு பாலிசி போடுங்க சார்" என்று மார்ச் மாதம் வருபவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

சம்பளக்காரர் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். படகு, லாட்ஜ், கடை என்று தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக 10-ஐஇஏ படிவத்தைக் கெடு தேதிக்குள் கொடுக்க வேண்டும். பிறகு ஒருமுறை புதியதற்குத் திரும்பினால், தொழில் இருக்கும்வரை மீண்டும் பழையதற்கு வர முடியாது.

படி 5: பழைய முறை என்றால் யார் எதைக் கோருவது

80சி ஆளுக்கு 1,50,000 ரூபாய். தன் பெயர், கணவன் அல்லது மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எதில் ஆயுள் காப்பீடு கட்டினாலும் கட்டியவர் கோரலாம். பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதியும் அப்படியே. பெற்றோர் பெயரில் உள்ள பாலிசிக்குக் கிடையாது. பிள்ளைகளின் பள்ளி, கல்லூரிக் கட்டணத்தில் டியூஷன் ஃபீஸ் மட்டும், ஒரு பெற்றோருக்கு இரண்டு பிள்ளைகள் வரை. நான்கு பிள்ளைகள் இருந்தால் அப்பா இருவருக்கும் அம்மா இருவருக்கும் எடுக்கலாம். நன்கொடை, வேன் கட்டணம் எல்லாம் சேராது.

80டி மருத்துவக் காப்பீட்டில் நிறையப் பேர் தவறுவது மாமனார் மாமியார் விஷயத்தில். மனைவியின் பெற்றோருக்குக் கணவர் பிரீமியம் கட்டினால் கழிவு இல்லை. மனைவி தன் கணக்கிலிருந்து கட்டினால் உண்டு. தனக்கும் துணைக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து 25,000, பெற்றோருக்கு இன்னொரு 25,000, மூத்த குடிமக்கள் என்றால் 50,000. பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் எதுவும் கிடைக்காது.

மனைவி படித்த கல்விக்கடனின் வட்டியைக் கடன் கணவர் பெயரில் இருந்தால் அவர் 80ஈ-யில் 8 ஆண்டு வரை முழுவதுமாகக் கழிக்கலாம்.

புதிய முறைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 80சி கழிவு போனாலும் பிபிஎஃப் வட்டிக்கு வரி இல்லை என்பது போகவில்லை. கணவர் தன் கணக்கில் 1,50,000, மனைவி கணக்கில் 1,50,000 போடலாம். மனைவி கணக்கின் வட்டி கணவருக்குச் சேர்ந்தாலும் அது வரியில்லா வட்டி, யாருக்கும் நஷ்டமில்லை. 64-ஆம் பிரிவுக்குப் பல் இல்லாத இடம் இதுதான். நீண்டகாலப் பங்கு லாபத்திலும் ஆளுக்கு 1,25,000 ரூபாய் வரை வரி இல்லை, மனைவி தன் பணத்தில் முதலீடு செய்திருந்தால்.

படி 6: வீடு

வீட்டுக்கடன் வட்டியை இருவரும் கோர வேண்டுமானால் பத்திரத்தில் இருவர் பெயரும், கடனில் இருவர் பெயரும் இருக்க வேண்டும், தவணையும் இருவர் பணத்திலிருந்தும் போக வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்குப் பழைய முறையில் ஆளுக்கு 2 லட்சம். ஆண்டு வட்டி 3,40,000 என்றால் ஒருவர் பெயரில் 1,40,000 வீணாகும். பாதிப் பாதியாக இருந்தால் தலா 1,70,000 முழுவதும் கழியும். புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவு இல்லை.

கடலோரக் குப்பங்களில் பட்டா இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்காத வீடுகள் உண்டு. சொந்தக்காரரிடம் வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்தாலும் 24(பி) வட்டிக் கழிவு உண்டு, அவர் வட்டிச் சான்று எழுதித் தர வேண்டும். அவர் அந்த வட்டியைத் தன் வருமானத்தில் காட்டவும் வேண்டும், பெரும்பாலும் பேச்சு அங்கே முறிந்துவிடும். அசலுக்கான 80சி கழிவு இப்படிப்பட்ட கடனுக்குக் கிடையாது.

பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று தமிழக அரசு 2025 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்திருக்கிறது. தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பணம் கணவருடையது என்றால் அந்த வீட்டின் வாடகை அவர் வருமானம்தான். பதிவில் கிடைத்த மிச்சம் வருமான வரியில் தொடராது.

படி 7: கணவர் சபரில் (வெளிநாட்டு வேலையில்) இருந்தால்

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தேவிபட்டினம் பக்கத்தில் பாதிப் பேருக்கு வேண்டியது இந்தப் பகுதிதான்.

வெளிநாட்டிலிருந்து மனைவிக்கு அனுப்பும் செலவுப் பணம் யாருக்கும் வருமானம் அல்ல. சிக்கல் மிச்சம் பிடித்து மனைவி எஃப்.டி போடும்போது வருகிறது. அந்த வட்டி 64-ஆம் பிரிவின்படி கணவருடைய இந்திய வருமானம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு 4 லட்சம் அடிப்படை வரம்பு உண்டு, 87ஏ தள்ளுபடி கிடையாது. 30 லட்சத்துக்கு 7 சதவீதத்தில் 2,10,000 வட்டி வந்தால் வரி இல்லை. 80 லட்சத்துக்கு 5,60,000 வந்தால், வேறு இந்திய வருமானம் இல்லாவிட்டாலும் செஸ்ஸோடு 8,320 ரூபாய் வரி. அவர் ஊரில் இருந்திருந்தால் அதுவும் இருக்காது.

வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் பிடித்துவிடும். அதைத் தடுக்க 15ஜி படிவத்தில் மனைவி கையெழுத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. "இது என் வருமானம், எனக்கு வரி இல்லை" என்று அதில் உறுதி கொடுக்கிறார். வருமானம் சட்டப்படி கணவருடையதாக இருக்கும்போது அந்தக் கையெழுத்து ஆபத்து, பொய் உறுதிமொழிக்குத் தண்டனை உண்டு. சரியான வழி, வரி இன்னாருக்குச் சேர வேண்டும் என்று வங்கியில் 37பிஏ விதிப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, கணவர் ஐடிஆர்-2 என்ற வருமான வரிக் கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்து அந்த வரியைத் திரும்ப வாங்குவது.

இவ்வளவு சுற்று வேண்டாம் என்றால் பணத்தைக் கணவரின் என்ஆர்இ கணக்கிலேயே (வெளிநாட்டில் வசிப்பவர் அங்கே சம்பாதித்ததைப் போடும் வங்கிக் கணக்கு) எஃப்.டி.யாக வையுங்கள். அவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கும்வரை அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. மனைவியை "முன்னவர் அல்லது பிழைத்திருப்பவர்" என்ற முறையில் இரண்டாவது பெயராகச் சேர்க்க ரிசர்வ் வங்கி விதி அனுமதிக்கிறது. இருப்பதிலேயே எளிய வழி இதுதான். வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்கு வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிப்பார்கள், அதைக் கணக்குத் தாக்கல் செய்துதான் மீட்க முடியும். சபர் முடிந்து ஊரோடு வந்துவிட்டால் என்ஆர்இ கணக்கை மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வளைகுடாவில் வருமான வரி இல்லாத நாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகனுக்கு இந்திய வருமானம் மட்டும் 15 லட்சத்தைத் தாண்டினால், சட்டம் அவரை இங்கே வசிப்பவராகவே கருதும். வளைகுடாச் சம்பளத்துக்கு அதனால் வரி வராது. ஆனால் நிலை மாறும் என்பதால் அந்த ஆண்டு ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

கூட்டுக் குடும்பக் கணக்கு பற்றிக் கொஞ்சம்

இந்துத் தம்பதிகள் கூட்டுக் குடும்பம் என்று தனி பான் வாங்கலாம். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்த வழி இல்லை. பூர்வீகச் சொத்து வாடகை தருகிறது என்றால் பயன்படும், அதற்கும் தனியாக 4 லட்சம் வரம்பு உண்டு, 87ஏ கிடையாது. சொந்தச் சம்பாத்தியத்தை உள்ளே போட்டால் வருமானம் போட்டவருக்கே திரும்பும். ஆரம்பித்தபின் கலைக்கப் பாகப்பிரிவினை வேண்டும். பூர்வீகச் சொத்து இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

படி 8: தாக்கல்

சம்பளம், வட்டி மட்டும் என்றால் பெரும்பாலும் ஐடிஆர்-1 போதும். 44ஏடி தொழில் என்றால் ஐடிஆர்-4. வெளிநாட்டில் வசிப்பவர் இந்த இரண்டையும் தொடக் கூடாது. துணையின் வருமானத்தைச் சேர்த்துக் காட்ட ஐடிஆர்-2, ஐடிஆர்-3 படிவங்களில் எஸ்பிஐ என்று ஓர் அட்டவணை இருக்கிறது (வங்கி இல்லை, படிவத்தின் பகுதி). அதில் மனைவியின் பெயர், பான், உறவு, தொகை, எந்த வகை வருமானம் என்று நிரப்ப வேண்டும். பிடித்த வரி மனைவி பானில் கிடந்தால் டிடிஎஸ் அட்டவணையில் "மற்றொருவர்" என்பதைத் தேர்ந்தெடுத்து அவர் பானைக் கொடுங்கள்.

மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடுமோ என்று மனைவி பெயரில் கணக்குத் தாக்கல் செய்யத் தயங்குகிறார்கள். அந்தத் திட்டம் ஆண்டுக்கு 2.5 லட்சம் என்ற வரம்பைக் குடும்ப வருமானத்துக்கு வைத்திருக்கிறது. கணவர் அதைத் தாண்டிச் சம்பாதிக்கிறார் என்றால் மனைவி தாக்கல் செய்தாலும் செய்யாவிட்டாலும் தகுதியில் மாற்றமில்லை.

சம்பளக்காரர்களுக்குக் கெடு ஜூலை 31. அதைத் தாண்டினால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது, கஷ்டப்பட்டுச் சேர்த்த ரசீதெல்லாம் வீண். தாமதமாக டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம், கட்டணம் 5,000 ரூபாய், வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி வழியாகச் சரிபார்க்க வேண்டும். கணவர், மனைவி இருவர் கணக்குக்கும் தனித்தனியாக. ஒன்றைச் சரிபார்த்துவிட்டு மற்றதை மறந்தால் அது தாக்கல் செய்யாத கணக்காகவே போகும்.